கண்மாயில் தொடங்கி கடலில் முடியும் விருந்து

நாட்டரசன்கோட்டையிலிருந்து ராமேஸ்வரம் தீவுக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நடுவில் வானம் பார்த்த வயல்கள், மிளகாய்க் களங்கள், பனங்காடுகள். முடிவில் இரண்டு கடல்கள். ஒரே நாளில் ஓடிக் கடந்துவிடும் இந்த வழியை, நின்று சாப்பிட்டுப் போக ஓர் அழைப்பு.

தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை. நாட்டரசன்கோட்டை கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்பு நூற்றுக்கணக்கான அடுப்புகள் வரிசை பிடித்து எரிகின்றன. ஊர்க்காரர்களுக்கு அவள் கண்ணாத்தாள். கண்நோய் தீர வேண்டி வருகிறவர்கள் ஆண்டு முழுவதும் உண்டு. இந்தச் செவ்வாய்ப் பொங்கல் மட்டும் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாருக்கு உரியது. குடும்பங்களைப் 'புள்ளி' என்று கணக்கிட்டு, புள்ளிக்கு ஒரு பானை. பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு எடுக்கிறார்கள். முதலில் பெயர் வருகிற வீட்டார் மண்பானையில் பொங்கல் வைக்க, மற்றவர்கள் வெண்கலத்திலும் எவர்சில்வரிலும் வைக்கிறார்கள். சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்கிறவர்கள் இந்தப் பானைக்காக விடுப்பு எடுத்து வருகிறார்கள்.

அதே நாட்களில், இந்த ஊருக்குச் சற்றுத் தள்ளி மானாமதுரை சாலையில் ராமேஸ்வரத்துக்கு வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன. விடியற்காலை அக்னி தீர்த்தம், 22 தீர்த்தக் கிணறுகள், சாமி தரிசனம், எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய ஒரு சாப்பாடு, தனுஷ்கோடியில் ஒரு படம், இருட்டுவதற்குள் திரும்பல். லட்சக்கணக்கான மக்கள் ஒரு தீவைப் பார்க்காமலே தீவுக்குப் போய்வருகிறார்கள். கடலைப் பார்க்கிறார்கள், அது தரும் சோறு எந்தக் கையால் வருகிறது என்று பார்ப்பதில்லை.

இந்த வழியை மெதுவாகக் கடந்தால் ஒன்று விளங்கும். செட்டிநாட்டு அடுப்பும் ராமநாதபுரச் சீமையான சேதுநாட்டின் வயலும் தீவின் வலையும் ஒரே பாடத்தைப் படித்தவை. தண்ணீர் குறைந்த மண்ணில் எதையும் வீணாக்காமல், பருவம் தவறாமல், காயவைத்தும் காத்தும் சமைத்த பாடம் அது. அந்த ருசியை நாடிப் போகிறவர்கள், அதை உண்டாக்குகிற கைகளுக்கும் தண்ணீருக்கும் கடன்பட்டவர்கள்.

அடுப்பங்கரையில் தெரியும் வறட்சி

செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம் என்று ஊர் ஊராகப் பலகை எழுதி வைத்துவிட்டார்கள். நாட்டரசன்கோட்டையிலோ காரைக்குடியிலோ ஒரு வீட்டுச் சாப்பாட்டில் உட்கார்ந்தவர்களுக்கு வேறு சித்திரம் கிடைக்கும். அங்கே முதலில் தெரிவது சிக்கனம்.

மண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து, புளி கரைத்து, வெண்டைக்காயோ மொச்சையோ போட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கிச் சேர்த்துக் கொதிக்க வைப்பது. கழுவிய தண்ணீருக்கும் ஒரு பதவி கொடுத்த சமையல். கத்தரிக்காயை வேகவைத்து மசித்துப் புளியில் கரைக்கும் கோசுமல்லி, இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் துணை. காய் மலிந்த மாதத்தில் கத்தரி, கொத்தவரை, மிதுக்கங்காய், சுண்டை எல்லாம் மொட்டைமாடி வெயிலில் வற்றலாகின்றன. காய் கிடைக்காத கோடையில் அவைதான் குழம்பு.

வெள்ளைப் பணியாரத்துக்குக் கணக்கு கேட்டால் ஆச்சிமார் கிராமில் சொல்ல மாட்டார்கள். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு. அந்தக் கோபுரம் சரிந்தால் பணியாரம் சிவந்து முரடாகும். சரியாக நின்றால் எண்ணெயில் வெள்ளைவெளேரென்று உப்பி வரும்.

இந்தச் சிக்கனத்தின் நடுவே கடல் கடந்த செல்வமும் வந்து அமர்ந்திருக்கிறது. கல்யாண விருந்தில் கவுனி அரிசி இல்லாமல் இலை நிறையாது. கறுப்பு நெல்லின் அந்த அரிசி, வட்டித்தொழிலுக்குப் பர்மா போன நகரத்தார் வழியாகச் செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்தது. இரவெல்லாம் ஊறவைத்து, வேகவைத்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பரிமாறுகிறார்கள். ரங்கூன் என்ற நகரம் ஒரு புட்டின் பெயரிலும் தங்கிவிட்டது. பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கப்பலேறிப் போனவர்கள் அங்கே முருகனுக்குக் கோயில் கட்டினார்கள். திரும்பும்போது அங்கத்து அரிசியையும் மரத்தையும் கொண்டுவந்தார்கள். தீவுப் பயணம் இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிய பழக்கம் இல்லை. அவர்களுடைய சமையலறையே அந்தப் பயணங்களின் பதிவேடு.

வீடுகளும் அதே பாடத்தைச் சொல்கின்றன. நடுவாசலின் நான்கு பக்கக் கூரையிலிருந்தும் மழைநீர் இறங்கி அண்டாக்களில் சேரும்படி கட்டியிருக்கிறார்கள். மிஞ்சிய நீர் வாய்க்கால் வழியாக வெளியேறும். ஊருக்குள் குடிநீருக்கு ஊருணி. அதில் கால் வைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இன்றும் உண்டு. ஆத்தங்குடிக் கற்களையும் பர்மாத் தேக்கையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், கூரையிலிருந்து இறங்கும் அந்தத் தண்ணீர்ப் பாதையையும் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்க்க வேண்டும். மாளிகையின் மிகச் சிறந்த வேலைப்பாடு அதுதான்.

புறப்படும் முன் ஊர் எல்லையில் கம்பர் நினைவிடத்துக்கு ஒரு கும்பிடு. கம்பர் தன் கடைசிக் காலத்தை இங்கே கழித்தார் என்று ஊர் நம்புகிறது. அந்த மண்ணைக் குழந்தையின் நாவில் தொட்டு வைத்தால் கல்வி வரும் என்று தூக்கி வருகிற தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். சேது கட்டிய கதையைத் தமிழில் பாடியவரிடமிருந்து அந்தச் சேதுவை நோக்கிக் கிளம்புவது பொருத்தமான தொடக்கம்.

ஒரு கண்மாயிலிருந்து இன்னொரு கண்மாய்க்கு

சிவகங்கையும் ராமநாதபுரமும் ஆண்டு மழையில் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதங்களில் பெற்றுவிடுகிற நிலம். அந்தக் கொஞ்ச நாள் மழையை ஆண்டு முழுவதற்கும் பிடித்து வைக்கத்தான் கண்மாய்கள். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் போய்க் கீழ்க் கண்மாய்; அது நிறைந்தால் அதற்கும் கீழே ஒன்று. இப்படிச் சங்கிலியாக இறங்கும் நீர் கடைசியில் கடலோரம் வரை போகிறது. ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைப் பற்றி 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று வட்டாரத்தில் ஒரு சொலவடை உண்டு. நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளக் கரை, அதில் நாற்பத்தெட்டு மடைகள் என்பது பொருள்.

மானாமதுரையில் வைகையைக் கடக்கிறோம். பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும். வழியெங்கும் கால்வாய்கள் பிரித்து எடுத்துக்கொண்டது போக, வெள்ளக் காலத்தில் மிஞ்சுவது ராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டுகிறது. அதையும் தாண்டினால் ஆற்றங்கரை என்ற கடலோர ஊரில் வைகை பாக் நீரிணையில் கலக்கிறது. தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை பங்கிட்டுக் குடிக்கிற ஆறு.

இந்த வயல்களில் நெல்லைச் சேற்றில் நடுவதைவிட, புழுதியில் விதைப்பது அதிகம். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மழை வந்ததும் முளைக்கும். பிறகு கண்மாய் நிறைந்தால் மடை திறந்து பாயும். மழை பத்து நாள் தள்ளினால் விதை போச்சு. சித்திரைக்கார் என்ற சிவப்பரிசி நெல் இந்தப் புழுதி வயலுக்கென்றே பிறந்தது போல வறட்சி தாங்கும். அதன் கஞ்சியைப் பழைய சோற்றுப் பானையிலிருந்து ஊற்றிக் குடித்தால் ஒரு நேர வேலைக்குத் தாங்கும். ராமநாதபுரத்தில் விசாரித்தால் இந்த அரிசி கிடைக்கிறது. சுற்றுலாப் பயணி வாங்கிப் போகக்கூடிய நினைவுப் பொருள்களில் இதைவிட உண்மையானது குறைவு.

கண்மாய் வயலுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ராமநாதபுரத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. நெல்லுக்கு வெட்டிய ஏரி, கண்டம் தாண்டி வரும் பறவைக்கும் வீடாகிவிட்டது. கரையோரம் சீமைக்கருவேலம் அடர்ந்து, வரத்துக்கால்கள் தூர்ந்து போனால் உழவருக்கும் பறவைக்கும் இழப்பு.

களத்தில் காயும் சிவப்பு

மாசி, பங்குனியில் பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் போனால் களங்களில் குண்டு மிளகாய் சிவப்பாகப் பரந்து கிடக்கும். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் இது. உருண்டை வடிவம், தடித்த தோல், ஆழ்ந்த சிவப்பு. கிள்ளி முகர்ந்தால் காரத்துக்கு முன்னால் வாசனை வரும். நெய்யில் பொரித்துத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். சாம்பாரில் முழுதாகப் போடலாம். செட்டிநாட்டு மிளகாய்ச் சட்னியின் நிறமும் மணமும் இந்தக் களங்களுக்குக் கடன்பட்டவை.

ஒரே செடியில் பல தடவை பழம் எடுக்கிறார்கள். குனிந்த முதுகோடு பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காயும் நாட்களில் ஒரு கோடைமழை பெய்தால் போதும், பழம் வெளுத்துவிடும், விலை பாதியாகும். ஈரம் நின்றால் பூசணம். ஆகவே காலையில் பரப்பி, கிளறி, சாயங்காலம் குவித்து மூடி, பக்கத்திலேயே படுத்துக் காவல் காக்கிறார்கள். குறியீடு கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் பெயருக்குரிய விலை, களத்தில் உட்கார்ந்து வெளுத்ததைப் பொறுக்கித் தள்ளும் கைக்கு முழுதாக வந்து சேர வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ மிளகாயை நேராக விவசாயியிடம் வாங்கிப் போவது பயணிக்குச் சின்ன வேலை. அப்படி வாங்குகிறவர்கள் பெருகினால் அந்த வீட்டுக்கு அது பெரிய மாற்றம்.

சாலையோரம் பனை அடர்ந்துகொண்டே வருகிறது. தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு, கோடையில் நுங்கும் பதநீரும், காய்ச்சினால் கருப்பட்டி. நேரம் இருப்பவர்கள் ராமநாதபுரத்திலிருந்து தெற்கே கீழக்கரைக்குத் திரும்பலாம். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் மணிக்கணக்கில் கிளறி எடுக்கும் தொதல் அங்கே பெயர் பெற்றது. மலாய்த் தீவுகளிலும் இலங்கையிலும் இதே பண்டம் ஏறக்குறைய இதே பெயரில் இருக்கிறது. மரக்கல வாணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்கள் சுமந்து வந்த ருசி இது. செட்டிநாட்டின் கவுனியும் கீழக்கரையின் தொதலும் ஒரே கடலின் இரண்டு சாட்சிகள்.

பாலத்துக்கு அப்பால்

மண்டபம் தாண்டியதும் நிலம் முடிகிறது. 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், இந்தியாவின் முதல் கடற்பாலம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அதைச் சிதைத்தபோது, பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் சீர்செய்தார்கள். 1988-இல் சாலைப் பாலம் வந்தது. பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரோடு ஓய்வு பெற, நடுப்பகுதி செங்குத்தாக உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் போக்குவரத்து திணறுகிறது. பாலத்தைக் கடந்து பாம்பனில் இறங்கி நடந்தால் கடலும் தெரியும், படகும் தெரியும், படகுக்காரர்களும் தெரிவார்கள்.

தீவில் விவசாயமா என்று கேட்பவர்கள் தங்கச்சிமடத்தில் நிற்க வேண்டும். இங்கே மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. கடலுக்குள் இருந்தும் உப்புக் கரிக்காத வில்லூண்டி தீர்த்தம் இந்த ஊரில்தான். தென்னையும் பனையும் நிழல் தரும் அந்த மணலில் மல்லிகை நாற்றங்கால்கள். குச்சி வெட்டி, பதியன் போட்டு, வேர் பிடித்ததும் கட்டுக்கட்டாக வெளியூர் அனுப்புகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்களுக்கும், தமிழ்நாட்டின் மற்றப் பூக்காடுகளுக்கும், வெளிமாநிலங்களுக்கும் நாற்று இந்தத் தீவிலிருந்து போகிறது. மதுரையில் பூச்சூடும் பெண்ணுக்கும், திண்டுக்கல்லில் விடியுமுன் மொட்டுப் பறிக்கும் பெண்ணுக்கும் அந்தக் கொடியின் தாய்வீடு கடல் நடுவில் இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை. நிலத்தடி நீரில் உப்பு ஏறினால் முதலில் மடிவது இந்த நாற்றுதான். தீவில் எழும்பும் ஒவ்வொரு தங்கும் விடுதியும் ஆழ்துளை போடும்போது, பக்கத்து நாற்றங்காலின் தண்ணீரையும் சேர்த்தே உறிஞ்சுகிறது.

ஆண்கடல், பெண்கடல்

தீவின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலை அடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் மக்கள் சொல்கிறார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். சோழகக் காற்றுக்குத் தென்கடல் கொந்தளிக்கும். காற்றைப் பார்த்துப் படகைப் பக்கம் மாற்றுகிறார்கள். ஆகவே தீவில் சாப்பிட உட்காருகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இன்றைக்கு எந்தக் கடல் மீன் என்பதுதான்.

இங்கே விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று கடல் பங்கிடப்பட்டிருக்கிறது. கண்மாயில் மடைக்கு மடை தண்ணீரைப் பிரித்தவர்களின் நாட்டில் கடலையும் நாள் கணக்கில் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிடும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த மாதங்களில் போகிறவர்கள் பெரிய வஞ்சிரத் துண்டு கேட்டு அடம்பிடிக்காமல், நாட்டுப்படகும் கரைவலையும் கொண்டுவரும் சூடை, காரல், நெத்திலி, முரல், ஓரா, மடவை என்று சாப்பிடலாம். சின்ன மீன்களில்தான் இந்தக் கடலின் ருசி அதிகம். காரலைப் புளி குறைத்துச் சொதியாக வைத்தால் காய்ச்சல்காரரும் எழுந்து உட்காருவார் என்பது வீட்டு நம்பிக்கை. நண்டு ரசம், திருக்கைக் குழம்பு, சுறாப்புட்டு, கணவாய் வறுவல் எல்லாம் மீனவர் குடியிருப்பை ஒட்டிய சிறிய சாப்பாட்டுக் கடைகளில் கிடைக்கும். விற்றுத் தீர்ந்ததும் கடை மூடிவிடும். பன்னிரண்டு மணிக்கே போய்விடுவது நல்லது.

மீன் மிஞ்சினால் உப்பு, வெயில், கருவாடு. காரைக்குடி மொட்டைமாடியில் காயும் கத்தரி வற்றலும் பாம்பன் மணலில் காயும் நெத்திலியும் ஒரே அறிவின் இரண்டு முகங்கள். வரும் நாளில் வாங்கி, வராத நாளுக்கு வைத்துக்கொள்ளும் அறிவு.

படகில் போகிறவர்களின் வாழ்க்கை மீன் ருசி போல இனிப்பதில்லை. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை கைது செய்வதும், படகு பறிபோவதும் ராமேஸ்வரம் துறைமுகத்தில் அடிக்கடி கேட்கும் செய்தி. மறுகரையில் வடஇலங்கைத் தமிழ் மீனவர்களின் வலைகளை நம் இழுவைமடிகள் அறுத்த வேதனையும் உண்மை. ஒரு தட்டு மீனுக்குப் பின்னால் இரண்டு கரைகளின் கண்ணீரும் இருக்கிறது என்பதை அறிந்து சாப்பிடுவது, சாப்பாட்டுக்குச் செய்யும் மரியாதை.

பாசி எடுக்கும் பெண்கள்

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறை இடுக்கில் கை விட்டு மரிக்கொழுந்து பாசியையும் கட்டக்கோரையையும் பறித்து மேலே வருகிறார்கள். அகர் அகர் போன்ற, உணவுத் தொழிலும் மருந்துத் தொழிலும் கேட்கும் சரக்குக்கு இதுதான் மூலம். கஞ்சிப்பாசியை அவர்கள் வீட்டிலேயே காய்ச்சிக் குடிப்பதும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு, தாத்தா காலத்திலிருந்து போய்வந்த தீவோரங்கள் இவர்களுக்கு மூடப்பட்டன. பவளப்பாறையையும் கடற்பசுவையும் காக்க அந்தச் சட்டம் தேவை. அதன் பாரத்தில் பெரும்பங்கு தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த பெண்கள்மேல் விழுந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

மாற்று வழியாக வந்தது பாசி வளர்ப்பு. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து மண்டபம் கரையோரம் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்ற பாசியைக் கட்டி வளர்க்கிறார்கள். ஏறத்தாழ 45 நாட்களில் அறுவடை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பலவற்றுக்கு இது வருமானம். ஆனால் இதே பாசி வெளியிலிருந்து வந்த இனம். குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் அது படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பாசி இனங்களை வளர்க்கும் முயற்சிகளுக்கு மண்டபத்திலுள்ள ஆய்வு நிலையங்கள் துணை நிற்பது நம்பிக்கை தருகிறது. கரையில் நின்று பார்த்தால் மிதவைகள் அழகாகத் தெரியும். அவற்றை இழுத்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நிற்கும் பெண்களிடம் பேசினால் கடலின் கணக்கு தெரியும். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கரை எங்கே, குளியல் எங்கே

குளிக்க விரும்புகிறவர்களுக்கு மண்டபம் பக்கமுள்ள அரியமான் கடற்கரை ஏற்றது. பெண்கடல், ஆழம் குறைவு, அலையும் குறைவு, சவுக்கு நிழலும் உண்டு. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் படகுப் பயணத்தில் அலையாத்திக் காட்டுக்குள் போய்வரலாம். கட்டணத்தின் பயன் ஊருக்கும் சேர்கிறது. தனுஷ்கோடியும் அரிச்சல்முனையும் பார்க்க வேண்டிய இடங்கள், குளிக்கும் இடங்கள் இல்லை. இரண்டு கடல் மோதும் முனையில் இழுப்பு பலமாக இருக்கும்.

1964 புயலுக்கு முன் தனுஷ்கோடி ரயில் நிலையமும் அஞ்சலகமும் தேவாலயமும் சுங்க அலுவலகமும் கொண்ட துறைமுகம். தலைமன்னாருக்குக் கப்பல் இங்கிருந்து போனது; செட்டிநாட்டிலிருந்து இலங்கைக்குப் போனவர்களும் இந்த வழியில் கடல் கடந்தார்கள். அந்தப் புயல் இரவில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அலை விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அப்படியும் மீனவக் குடும்பத்தினர் ஓலைக் குடிசைகளில் இருக்கிறார்கள். கரைவலை இழுக்கிறார்கள், மணலைக் கையால் தோண்டி ஊற்று நீரை அகப்பையில் மொண்டு குடம் நிரப்புகிறார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் நாலடி ஆழத்தில் குடிநீர். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் வண்டிகள் வரிசையாகப் போகின்றன. சாலையோரக் கடையில் வறுக்கும் மீனையும் கிளிஞ்சலையும் வாங்கும்போது, அந்தக் கடையும் வீடும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இங்கே பூநாரைகள் வலசை வருகின்றன. 2025 ஜூன் மாதம் தனுஷ்கோடியில் 524 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணலும் இதுதான். ஒரு நெகிழிப் பை இங்கே பறந்தால் ஒரு நிமிடத்தில் கடலில்.

எந்த மாதம், எந்த ருசி

தை: நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல், பனங்கிழங்கு, நிறைந்த கண்மாய், பூநாரை.

மாசி, பங்குனி: முண்டு மிளகாய் அறுவடை, பங்குனி அத்தத்தில் நாட்டரசன்கோட்டையில் கம்பர் விழா.

சித்திரை, வைகாசி: நுங்கு, பதநீர், மல்லிகை மலியும் காலம், மீன்பிடித் தடை, ஆகவே நாட்டுப்படகுச் சின்ன மீன்.

ஆடி: செட்டிநாட்டு வீடுகளில் கருப்பட்டியும் உளுந்து மாவும் சேர்த்துக் கிண்டும் கும்மாயம்; தென்கடல் கொந்தளிப்பு.

ஆவணி, புரட்டாசி: புழுதி விதைப்பு.

ஐப்பசி, கார்த்திகை: மழை, புயல் எச்சரிக்கை கேட்டுப் புறப்பட வேண்டிய மாதங்கள்.

விருந்தாளியின் கடமை

ராமேஸ்வரம் கோயிலின் திருப்பணிக்குத் தேவகோட்டை நகரத்தார் அள்ளிக் கொடுத்தார்கள். நடந்துவந்த யாத்திரிகருக்குச் சத்திரம் கட்டிச் சோறு போட்டார்கள். அந்த நாளில் யாத்திரை என்றால் போகிற ஊருக்கு ஏதாவது விட்டுவருவதும் அதில் அடக்கம். இன்றைய பயணி விட்டுவருவது பெரும்பாலும் குப்பியும் பையும்.

அதை மாற்றுவதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு நாளை இரண்டு நாளாக்கலாம். ஒரு இரவு செட்டிநாட்டில், ஒரு இரவு தீவில். வழியில் மிளகாயும் சித்திரைக்காரும் கருப்பட்டியும் விளைத்தவர் கையிலிருந்து வாங்கலாம். மீன் கடையில் பருவ மீனைக் கேட்கலாம். தண்ணீரை அளந்து செலவழிக்கலாம். குளியலறைக் குழாயில் வருவதும் நாற்றங்காலுக்கு ஊறுவதும் ஒரே நீர். சுற்றுலாவை வளர்க்க நினைக்கும் அரசும், சாலையும் பாலமும் போட்ட அக்கறையில் ஒரு பங்கைக் கண்மாய் வரத்துக்கால்களுக்கும், பாசிப் பெண்களின் கரை உரிமைக்கும், மீனவர் வீட்டுச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் காட்ட வேண்டும்.

வறட்சியைக் கண்டு ஓடிப்போகாமல், அரிசி களைந்த தண்ணீரிலும் புழுதி மண்ணிலும் உப்புக் காற்றிலும் ருசி கண்டவர்களின் நாடு இது. அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுகிற நாமும் அவர்களுக்குச் சோறு கிடைக்கும் வழியில் செலவு செய்தால், இந்த விருந்து நம் பேரப்பிள்ளைகளின் இலைக்கும் வரும்.